பெயர்ந்தவற்றைத் தேடி: ஜார்ஜ் டவுனில் நான்கு நாள் நடை

முதல் நாள், வியாழன்: கோட்டையிலிருந்து பாரிமுனை

சென்னை ஜார்ஜ் டவுனைப் பார்க்க வருகிறவர்கள் பலர் நேராகப் பாரிமுனையில் இறங்கி, கூட்டத்தைக் கண்டு மிரண்டு, ஒரு மணி நேரத்தில் ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். ஊருக்குள் நடுவாசல் வழியாக நுழைந்தால் அப்படித்தான் ஆகும். இந்த நடை புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுன் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதே கோட்டைப் பீரங்கிக்கு வழிவிட்டதால்தான்.

கோட்டை ரயில் நிலையத்தில் காலை 8:45க்குக் கூடினோம். பதினோரு பேர், முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒருவர். அந்தக் கடைசி ஆளை 'வால்' என்றே கூப்பிடுவது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் இந்தத் தெருக்களில் குழு இரண்டாக அறுந்துவிடும். வால் இல்லாமல் எட்டுப் பேரைக்கூட அழைத்துப் போகக்கூடாது.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். அசல் அட்டை கையில் இருக்கட்டும். சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி அதிகம், அந்தத் தேதிகளைப் பார்த்துத் தவிர்ப்பது நல்லது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. வாரக் கடைசிக்குச் சேர்த்து வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் வெயில் ஏறிவிடும். இரண்டு விஷயம் போதும். ஒன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. இன்னொன்று, அந்தக் கட்டடமே. 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது இதன் மொட்டை மாடியில். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை உயர் நீதிமன்றத்தில் வரும்.

அங்கிருந்து புனித மரியாள் தேவாலயம். 1678இல் தொடங்கி 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் என்பார்கள். 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் இங்கே நடந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். ஆனால் நின்று பார்க்க வேண்டியது கூரையை. உத்தரம் கிடையாது, ஓடு கிடையாது. மூன்று நீண்ட வில்வளைவுக் கூரைகளைச் செங்கல்லிலேயே எழுப்பியிருக்கிறார்கள். சுவர் நான்கு அடி கனம், கூரை இரண்டு அடி. மேலே குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டிய கோயில் இது. முற்றுகைக் காலத்தில் உள்ளே ஜெபத்தைவிடத் தானியமும் ஆட்களும்தான் அதிகம் இருந்திருக்கும்.

வெளியே வந்து குனிந்து பாருங்கள். தேவாலயத்தைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. 1652ஆம் ஆண்டுக் கல் ஒன்றும் உண்டு, தேவாலயத்தைவிட 28 ஆண்டு மூத்தது. கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய ஆங்கிலேயர் இடுகாடு இருந்தது இன்றைய உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரிப் பக்கம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது அவருடைய ஆட்கள் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக் கோட்டையைச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் அடுத்தவனுக்கும் அதே மறைப்பு கிடைக்கக்கூடாது என்று கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். காலை ஒன்பதரை, பத்து மணி வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று தண்ணீர் ஊற்றுவதோ சாக்பீஸ் தேய்ப்பதோ வேண்டாம்.

கோட்டையை விட்டு வெளியே வந்து ராஜாஜி சாலையில் வடக்கே நடக்கிறோம். பாரிமுனை வரை பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. இந்தத் தூரம்தான் இன்றைய பாடம். முதல் கறுப்பர் பட்டணம், அதாவது நம்மூர்க்காரர்கள் வாழ்ந்த பகுதி, கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இங்கேதான் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்தபின் மிச்சத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். கோட்டைக்கு எதிரே வீடு இருந்தால் எதிரி அதில் ஒளிவான், வெட்டவெளியாக இருந்தால் பீரங்கி பேசும். வீடு, கடை, கோயில் எல்லாவற்றையும் தூக்கி வடக்கே போகச் சொன்னார்கள். போன இடம்தான் இன்றைய ஜார்ஜ் டவுன்.

இந்த வெட்டவெளியில் பிற்காலத்தில் எழுந்ததுதான் உயர் நீதிமன்றம். 1892இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வடிவமைப்பை முடித்துக் கொடுக்க, கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். உள்ளே போக முன்னனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாசல் காவலரோடு வாதாடி நேரம் வீணாக்க வேண்டாம், சாலையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. வளாகத்துக்குள் தனியாக நிற்கும் கல்தூண் 1844இன் கலங்கரை விளக்கு. நீதிமன்றத்தின் உயரமான கோபுரம் 1894 முதல் அடுத்த கலங்கரை விளக்கு. 1977இல் மெரினாவில் புதியது வந்தபின்தான் அது ஓய்வு பெற்றது. கோட்டை மாடி, கல்தூண், நீதிமன்றக் கோபுரம், மெரினா என்று விளக்கு மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் நீதிமன்றத்தின் எல்லா வாயில்களையும் மூடிவிடுவார்கள். பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடிவிடக்கூடாது என்பதற்கான பழைய ஏற்பாடு.

சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டியது. கப்பல் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை. கல்வெட்டுக்கு எதிரே நடைபாதை குறுகல். நான்கு நான்கு பேராகப் போய்ப் படித்துவிட்டு வரலாம்.

கடைசி நிறுத்தம் பாரிமுனை, டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரம். வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க நட்ட ஆறு கல்தூண்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. 1773 ஜனவரி 1 என்ற தேதி அதில் இருக்கிறது. இதற்குத் தெற்கே யாரும் கட்டக்கூடாது என்பது அதன் பொருள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதை உரசிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறார்கள். இன்றும் ஐந்து பேர் கல்லைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு "கல் எங்கே?" என்றார்கள்.

மொத்தம் இரண்டரைக் கிலோமீட்டர், மூன்று மணி நேரம். முடித்ததும் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கிவிடலாம். கழிப்பறைக்கும் அதுதான் வழி. ஜார்ஜ் டவுன் நடையில் எல்லாரும் மறப்பதும், பிறகு எல்லாரும் தவிப்பதும் இதற்காகத்தான். நான்கு நாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: தெற்கே உயர் நீதிமன்ற நிலையம், வடக்கே மண்ணடி நிலையம். நடுவில் எதையும் நம்ப வேண்டாம்.

இரண்டாம் நாள், வெள்ளி: முத்தியால்பேட்டை

காலை 7:15, மண்ணடி மெட்ரோ.

ஜார்ஜ் டவுன் இரண்டு பாதி. பிராட்வேக்குக் கிழக்கே, கடல் பக்கம், முத்தியால்பேட்டை. மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை. நடுவே ஓடும் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை, ஒரு காலத்தில் பள்ளம். இரண்டு பேட்டைகளின் தண்ணீரும் வடிந்த வாய்க்கால். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்த நிலத்தை வாங்கி, மேடாக்கி, சாலை போட்டார். மண்ணைக் கொட்டினால் சாலை வரும், தண்ணீருக்கு ஞாபகம் போகாது. கனமழை நாளில் பிராட்வேயைக் குறுக்கே கடக்கும் திட்டம் வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டையின் நீளத் தெருக்கள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன: லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, அங்கப்ப நாயக்கன், அரண்மனைக்காரன் தெரு. இது நடப்பவர்களுக்குப் பெரிய வசதி. காலையில் தெருவின் கிழக்கு ஓரம் நிழல், மாலையில் மேற்கு ஓரம். இரண்டு மாடி வீடுகளின் நிழல் ஒன்பதரை வரை தாங்கும். அதற்குப் பிறகு வெயில் நேரே தலையில். வழிகாட்டி நிழலில் நின்று பேச, குழு வெயிலில் நின்று கேட்பது புதுசாக நடத்துகிறவர்களின் வழக்கமான தப்பு. குழுவை நிழலில் நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும்.

முகவரி தேடுகிறவர்களுக்கு: பாதி வீடுகளில் இரண்டு எண் இருக்கும், பழையது ஒன்று, புதியது ஒன்று. கடைப் பலகையில் ஒன்றும் வரைபடச் செயலியில் இன்னொன்றுமாக இருந்தால் குழம்ப வேண்டாம். டீக்கடையில் கேட்கும்போது எண்ணைச் சொல்வதைவிட, எந்தச் சரக்கு விற்கும் கடைக்குப் பக்கம் என்று சொன்னால் கை தானாக நீளும்.

முதலில் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில். கடலோரத்தில், கோட்டைப் பகுதியில் இருந்து இங்கே இடம் மாறி வந்த கோயில் இது. சத்ரபதி சிவாஜி 1677இல் வந்து வழிபட்டதாகக் கோயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியார் வந்துபோன கோயில் என்பதும் இங்கே எல்லாரும் சொல்வது. வெள்ளிக்கிழமை கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். ஏழரைக்குள் உள்ளே போனால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். எட்டரைக்குப் போனால் அன்றைய திட்டமே போயிற்று. வார் கட்டும் செருப்பு, ஷூ எல்லாம் இன்றைக்கு வேண்டாம். சட்டென்று கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். இன்று ஷூ லேஸ் கட்டுவதற்கே எட்டு நிமிடம் போனது.

இனி கொஞ்சம் மெதுவாக. பவழக்காரத் தெருவில் மேலே பார்த்தபடி நடக்க வேண்டும். பவளமும் வைரமும் வாங்கி விற்ற யூத வணிகர்கள் இருந்த தெரு, பெயர் மட்டும் மிச்சம். கீழே ஷட்டர், பெயர்ப்பலகை, கேபிள். கண்ணை ஒரு மாடி உயர்த்தினால் மரக் கைப்பிடிச் சுவர், வட்டத் தூண், மரத் தட்டி. திண்ணைகள் அநேகமாகக் கடையாகிவிட்டன. உள்முற்றம் இருக்கும் இடத்தில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்.

ஒரு வீட்டின் மாடியை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை குறுக்கே வெட்டுப்பட்டுத் தெருவைப் பார்த்து நின்றது. 'மெட்ராஸ் டெரஸ்' என்று இந்த ஊர்ப் பெயரிலேயே அழைக்கப்படும் தளம் அது. இப்படிப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம் என்பதால் அங்கேயே கால் மணி நேரம் நின்றோம். கீழே தேக்குச் சட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடிக்கும் குறைவான இடைவெளி. அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல், விளிம்பில் நிறுத்தி, சட்டத்துக்கு மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டியிருக்கிறார்கள். அறையின் ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று சாய்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு வரிசையும் அடுத்ததைத் தாங்கும். கீழே முட்டுப் பலகை தேவையில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று அங்குலத் தளம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கொட்டாப்புளியால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு.

இந்தக் கூரை நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். கெடுவது ஒரே இடத்தில்தான்: சட்டத்தின் நுனி சுவருக்குள் புகும் இடம். தட்டோட்டுப் பூச்சில் விரிசல் விழுந்து, மழைத் தண்ணீர் சுவரோரமாக இறங்கினால் அந்த நுனி ஊறி மக்கும். சட்டத்தின் மற்ற நீளமெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும், நுனி மட்டும் விரலால் பிய்க்கலாம். பூச்சு உதிர்கிறதே என்று சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசுகிறார்கள். அது இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும், கூடவே செங்கல்லும் வரும். அப்புறம் 'வீடு பழசு, இடிக்க வேண்டியதுதான்' என்ற தீர்ப்பு. இந்தத் தெருக்களில் முதுமையால் விழுந்த வீடுகளைவிடத் தப்பான மருந்தால் விழுந்தவை அதிகமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பணக்கார வீட்டுச் சுவர்களில் இன்னொன்று தேடலாம். பளிங்கு போல வழவழவென்று இருக்கும் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்துக் கூழாங்கல்லால் மெருகேற்றுவார்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள், பலருக்குத் தங்கள் சுவரைப் பற்றிக் கேட்டதே சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு அரண்மனைக்காரன் தெரு. இங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரனும் இல்லை. 'அர்மேனியன்' என்ற சொல் தமிழ் வாயில் உருண்டு இப்படி ஆனது. அர்மேனியத் தேவாலயத்தின் கதவு ஒன்பதுக்கு முன் திறக்காது, பிற்பகலிலேயே மூடியும் விடும். நாளின் வரிசையை இந்தக் கதவுக்கு ஏற்றபடி அமைத்தது அதனால்தான். 1712இல் முதலில் கட்டி, 1772இல் இப்போதுள்ளபடி எழுப்பியது. தெருவின் இரைச்சல் நான்கு அடியில் அணைந்துபோகும். முற்றத்தில் பெருங்கள்ளி மரங்கள், தரையில் அர்மேனிய எழுத்துக் கல்லறைகள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். உலகின் முதல் அர்மேனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது சென்னையிலிருந்து. அதை நடத்திய பாதிரியார் ஹருத்தியூன் ஷ்மவோனியனின் கல்லறை இங்கேதான். கல்லில் ஒரு திறந்த புத்தகம் செதுக்கியிருக்கும், அதை அடையாளமாக வைத்துத் தேடலாம். வழிபடச் சமூகம் இன்று சென்னையில் இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்றேகால் மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள், சனி: பூக்கடை, பட்டணம் கோயில், தங்கசாலை

இன்று கடிகாரத்தோடு பந்தயம். பெத்துநாயக்கன்பேட்டை மொத்த வியாபாரத்தின் ஊர். ஏழு மணிக்கு வெறிச்சென்று இருக்கும் தெரு ஒன்பதரைக்கு விழித்து, பத்தரைக்கு அடைத்து, பதினொன்றுக்கு மேல் ஆள் திரும்ப இடமிருக்காது. காரணம் எளிது. கடைகள் திறந்ததும் முந்தின நாள் ஆர்டர்கள் மூட்டையாகிப் பார்சல் ஆபீசுக்குப் புறப்படும், அதே நேரத்தில் புதுச்சரக்கு உள்ளே வரும். எல்லாம் ஒரே பதினைந்து அடித் தெருவில். 6:45க்குத் தொடங்கினால் 9:30க்கு வெளியேறிவிடலாம்.

மீன்பாடி வண்டிக்கு எப்படி வழிவிடுவது என்பதைப் புறப்படும் முன் சொல்லிவிட வேண்டும். முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகை, பின்னால் ஒரு சக்கரம், ஓட்டுபவர் பின்னால். தலைக்கு மேல் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், நிறுத்தவும் நேரம் பிடிக்கும். 'ஓரம், ஓரம்' என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கடைப்படியில் ஏறிவிடுங்கள். எந்தப் பக்கம் என்று யோசிப்பவர்கள்தான் முழங்காலில் அடிபடுகிறார்கள். எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்குவது விதி, இன்றைக்கு இடப்பக்கம்.

பூக்கடையில் ஆரம்பம். பத்ரியன் தெருவில் ஏழு மணிக்குள் பூ மூட்டை அவிழ்வதைப் பார்க்க வேண்டும். கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது பூவும் போனது. இங்கே ஒட்டிக்கொண்டிருப்பது மிச்சம். மிச்சமே இவ்வளவு. தரை வழுக்கும், வாழை நாரும் நசுங்கிய சாமந்தியும் சேர்ந்தால் எண்ணெய் மாதிரி. படம் எடுக்கும் முன் ஒரு முழம் வாங்கிவிட்டால் முகங்கள் தானாகத் திரும்பும்.

தேவராஜ முதலித் தெருவில் பட்டணம் கோயில். சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் அடுத்தடுத்து. முதல் நாள் நடந்த வெட்டவெளியை நினைத்துக்கொள்ளுங்கள்: பெருமாள் கோயில் முதலில் இருந்தது உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில். பீரங்கிக்காக அதை இடித்ததும் ஊர் கொதித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மாற்று இடமும் பணமும் கொடுக்க வேண்டியதாயிற்று. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று 1760களில் இங்கே எழுப்பினார். கோயிலை இடித்துவிட்டு மறுபடி கட்டக் காசு கொடுத்த கம்பெனியைத் தாராளம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நெசவாளியும் வணிகனும் ஊரை விட்டுப் போய்விட்டால் ஏற்றுமதிக்குத் துணி ஏது என்ற கணக்குதான் அது.

என்.எஸ்.சி. போஸ் சாலைக்குத் திரும்பினால் பச்சையப்பன் மண்டபம். ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் 1840களில் கட்டியது. முன்னால் கடைகளின் பிளாஸ்டிக் கூரை மறைத்திருக்கும். எதிர்ப்பக்க நடைபாதைக்குக் கடந்து, மேலே பாருங்கள், தூண்களின் தலைப்பகுதி தெரியும். இரண்டு நிமிடம் போதும்.

கந்தகோட்டத்துக்கு அப்படி முடியாது. குறுகிய சந்தில் நுழைந்தால் சந்தைக்கு நட்டநடுவில் படிக்கட்டோடு ஒரு குளம். வெளியே வண்டிச் சத்தம், உள்ளே மீன் துள்ளும் சத்தம். வள்ளலார் இளம் வயதில் வந்து பாடிய முருகன் இவர். அவர் வாழ்ந்த வீடு வடமேற்கே ஏழுகிணறு வீராசாமித் தெருவில். இந்தக் கோயிலை எட்டரைக்கு முன் முடிப்பது நல்லது. நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதைவிட, ராசப்பச் செட்டித் தெரு அடைத்துக்கொண்டால் வெளியே வருவது கடினம் என்பதால். அந்தத் தெரு நாட்டு மருந்துக் கடைகளின் தெரு. அதிமதுரம், சித்தரத்தை, வசம்பு, சுக்கு எல்லாம் சாக்கில் திறந்தே இருக்கும். கடலை மிட்டாய் எடுக்கிற மாதிரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். எட்டிக்கொட்டையும் இங்கே கிடைக்கும் சரக்குதான்.

ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்பது இந்தப் பேட்டையின் இலக்கணம். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், தேவராஜ முதலியில் வளையலும் கண்ணாடியும். வாங்க வேண்டும் என்றால் நடை முடிந்த பிறகு தனியாக வாருங்கள். சில கடைகளில் டஜன் கணக்கில்தான் தருவார்கள்.

பிறகு தங்கசாலைத் தெரு. வெளியிலிருந்து வருகிறவர்கள் மின்ட் என்பார்கள். கம்பெனியின் நாணயச்சாலை 1840களில் இந்தத் தெருவின் வடகோடிக்கு வந்ததால் பெயர். தெரு முழுக்க நடக்க முயலாதீர்கள், மிக நீளம். சாவுகார்பேட்டைப் பகுதியில் கால் மணி நேரம் போதும். இங்கே குஜராத்தி, மார்வாடி, தெலுங்கு, தமிழ் நான்கும் ஒரே பேரத்தில் புழங்கும்.

வடக்கே ஏழுகிணறு. 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கிணறுகள், இப்போது குடிநீர் வாரிய வளாகத்துக்குள், வெளியிலிருந்துதான் பார்க்கலாம். மேற்கே, வால்டாக்ஸ் சாலை. லாலியின் முற்றுகைக்குப் பிறகு புதிய ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். செலவை ஊரார் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள், வசூலாகவில்லை. மதில் போய்விட்டது, வராத வரி சாலைக்குப் பெயராக நின்றுவிட்டது. வாசல் இருந்த இடத்துக்கு யானைக்கவுனி என்ற பெயரும் அப்படியே. 9:40க்கு முடித்தோம். பத்து நிமிடத் தாமதத்துக்கு விலையாக, பிராட்வே திரும்ப முப்பத்தைந்து நிமிடம்.

நான்காம் நாள், ஞாயிறு: கடற்கரை வரிசை

ராஜாஜி சாலைக் கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு காலை 6:45. வேறு நேரம் வேண்டாம். எல்லாம் கிழக்கு பார்த்தவை, வெயில் நேராக முகத்தில் விழும். பர்மா பஜார் கடைகள் மூடியிருக்கும், லாரி குறைவு. எட்டரைக்கு மேல் சூரியன் உயர்ந்து வளைவுகளுக்குள் நிழல் இறங்கிவிடும்.

கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தெற்கே. ஞாயிறு அட்டவணையில் மின்ரயில்கள் குறைவு, முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1931இல் சென்னையின் முதல் மின்ரயில் தாம்பரத்துக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். தலைமை அஞ்சலகம் கட்டடக் கலைஞர் சிசோமின் வேலை, 1884. அடுத்து பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடம், அன்றைய மெட்ராஸ் வங்கி, 1897. இர்வின், நம்பெருமாள் செட்டியார் கூட்டணி மறுபடியும். இரண்டையும் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுதான் முழுசாகப் பார்க்க முடியும். துறைமுக வாசல் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். வங்கிக் காவலர் கேட்டால் படத்தைக் காட்டிவிடுங்கள், அத்தோடு முடியும்.

பழைய படங்களில் இந்தச் சாலைக்கு அடுத்து மணல்தான் தெரியும், அதனால்தான் சாலைக்கு 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' என்ற பழைய பெயர். துறைமுகம் கட்டியபின் கடல் கிழக்கே தள்ளிப்போனது. இங்கே கடலும் இடம் மாறியதுதான்.

காலை நடை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மாலை ஆறு மணிக்கு மறுபடி கூடியது சாப்பிட. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவானது பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டம், நிலையத்துக்கு எதிர்ப்பக்கமும் செகண்ட் லைன் பீச் தெருவிலும் வண்டிகளில் கிடைக்கும். நின்று கையைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்து ஆறிய நூடுல்ஸ் ஒரு பிடி கிண்ணத்தில் விழும். மெலிசாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த தட்டை), வறுத்த பூண்டு, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு கரண்டி புளித்தண்ணீர், அரை எலுமிச்சை. அப்புறம் கரண்டிக்கு வேலையில்லை, ஐந்து விரலால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிப் பிசைவார்கள். பேஜோ ஊறிப்போகும் முன் சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் கெடு. பார்சல் கட்டினால் வீட்டுக்குப் போய்ச் சேருவது வேறு பண்டம். கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள், கேட்டால் இன்னொரு தடவை ஊற்றுவார்கள். காரம் வேண்டாம் என்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.